இது பரீட்சையே இல்லை

டேரில் பிரிட்செட்டைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். தேவாலயத்தில் கேளுங்கள், பந்தய மைதானத்தில் கேளுங்கள், சாலையோரம் டாக்கோ சுட்டு விற்கும் வண்டிக்காரனைக் கேளுங்கள், ஒரே பல்லவிதான். நான் அவனுக்குப் பக்கத்து அறையில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தவள். நடுவில் இருந்தது அட்டைச் சுவர். தங்கம் எப்படிப்பட்ட தங்கம் என்று எனக்குத் தெரியும்.

ஃபிரெஸ்னோ நகரத்துக்குத் தெற்கே, திராட்சையைத் தரையில் பரப்பிக் காயவைக்கும் ஊர் எங்களுடையது. பள்ளி முடித்தவன், பாதியில் விட்டவன், வயலில் முதுகு ஒடிந்தவன், எல்லோருக்கும் இருப்பது இந்தச் சமுதாயக் கல்லூரி ஒன்றுதான். வருகிறவர்களை எந்த வகுப்பில் போடுவது என்று தீர்மானிக்கும் ஆலோசகர்கள் நாங்கள். டேரில் எங்களுக்குத் தலைமை. அவன் அப்பா பருத்தி ஆலையில் மெக்கானிக். இவன் உயர்நிலைப் பள்ளியில் கால்பந்துக் குழுவுக்குத் தண்ணீர் புட்டி தூக்கி, விசில் ஊதி, மாலை வகுப்பில் ஒரு பட்டம் வாங்கி இங்கே வந்து சேர்ந்தான். வந்த நாளிலிருந்து கல்லூரிச் சின்னம் போட்ட சட்டை, காக்கிக் கால்சட்டை, மேஜையில் மிட்டாய்க் கிண்ணம். அழுகிறவர்களுக்குக் காகிதக் கைக்குட்டை, அழாதவர்களுக்கு மிட்டாய். அவன் அறையிலிருந்து யாரும் வெறுங்கையோடு போனதில்லை. உருப்படியாக எதையும் கொண்டுபோனதும் இல்லை. வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு.

அவனுடைய பெருமையெல்லாம் ஆகஸ்ட் மாதம் புதியவர்களுக்கு நடத்தும் அறிமுக நாள்தான். உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்காலி போட்டு, பின்னால் பீட்சா அடுக்கி, எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, 'நீங்கள் ஒரு மிருகமாக இருந்தால் எந்த மிருகம்?' என்று கேட்பான். பாவம், இரவு முழுக்கப் பால் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் நின்றபடி தூங்குவான். அவனிடம் போய் மிருகம் கேட்பான் இந்தப் புண்ணியவான்.

டெல்ஃபினா சவாலா வந்தது அப்படி ஓர் ஆகஸ்டில்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். உலர்திராட்சைக் கொட்டகையில் பொட்டலம் போடுகிறவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வீட்டுக்காரன் இல்லை. முதியோர் பள்ளியில் படித்துப் பள்ளிச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். மிருகம் கேட்டபோது, "கோவேறு கழுதை" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். டேரில் கைதட்டி, அருமை அருமை என்றான். அவன் எதற்குத்தான் கை தட்டமாட்டான்?

அவள் வந்தது நர்சிங் படிக்க. அடுத்த கோடைக்குள் கொட்டகையை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். நர்சிங்கில் இடம் கிடைத்தால் மாவட்ட ஆஸ்பத்திரியில் உதவியாள் வேலை தருவார்கள், ஊரிலேயே இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் அக்கா குடும்பத்தோடு வண்டியேறி, செர்ரி, பேரிக்காய் என்று பழத்தின் பின்னால் வடக்கே ஓரிகன் வரை போகவேண்டியதுதான். அவள் அம்மா அப்படித்தான் போனாள். ஒரே வருடத்தில் நாலு பள்ளிக்கூடம் மாறிய பிள்ளை டெல்ஃபினா. தன் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்பதற்காகத்தான் அந்த வட்டத்தில் கழுதையாக நின்றாள்.

நர்சிங்குக்கு முன்னால் உயிரியல். உயிரியலுக்கு முன்னால் இயற்கணிதம். இயற்கணிதத்துக்கு நேரே போகலாமா, கீழே இருந்து ஏறிவர வேண்டுமா என்பதைச் சொல்வது, பீட்சாவுக்கு முன்னால் கணினியில் எழுதும் ஒரு தேர்வு. அதற்கு முன் டேரில் மைக்கைப் பிடித்துப் பேசுவான். வரிக்கு வரி எனக்கு மனப்பாடம்.

"யாரும் பயப்படாதீங்க. இது பரீட்சையே இல்ல. இதுல பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. நீங்க எங்க இருக்கீங்கன்னு நாங்க தெரிஞ்சுக்கிறதுக்குத்தான். முடிச்சவங்க எழுந்து போயி பீட்சா சாப்பிடுங்க."

இதைவிட நயவஞ்சகமான பேச்சு உலகத்தில் உண்டா? ஃபெயில் இல்லையாம்! மார்க்கு குறைந்தால் கூட்டல் கழித்தல் வகுப்பு. அதில் தேறினாலும் பட்டத்துக்கு ஒரு புள்ளி சேராது. அங்கிருந்து படிப்படியாக ஏறி இயற்கணிதத்தைத் தாண்ட இரண்டு வருடம். மறுபடி தேர்வு எழுத ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். பாதிப் பேர் முதல் படியிலேயே காணாமல் போவார்கள். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். சொன்னால் பிள்ளைகள் பதறிவிடுவார்களாம். நான் வாய் திறந்தால், கனிவு வேண்டும் லொரேன் என்று எனக்குப் பாடம் எடுப்பான்.

டெல்ஃபினாவுக்கு அன்று மதிய ஷிஃப்ட். பரீட்சை இல்லை என்று பெரிய மனுஷனே சொன்ன பிறகு எதற்கு உட்கார வேண்டும்? நாலு கேள்விக்கு யோசித்தாள், மற்றதற்குக் கைக்கு வந்ததை அழுத்தினாள், பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். பக்கத்து இருக்கையில் டேரிலின் மகள் ஷெல்பி. அந்த வருடம்தான் அவளும் சேர்ந்தாள். கூடமே காலியாகி, பீட்சாவும் தீர்ந்து, துடைப்பக்காரர் வந்து நின்ற பிறகுதான் எழுந்தாள்.

ஷெல்பி நேரே மேல்கணிதத்துக்குப் போனாள். டெல்ஃபினா கூட்டல் கழித்தலுக்கு. தன்னம்பிக்கை வளரும் என்று சொல்லி டேரில் அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்து அனுப்பினான்.

புத்தகக் கடை வரிசையில் இரண்டு பேரும் சந்தித்திருக்கிறார்கள். ஷெல்பி சூதுவாது தெரியாத பெண், அப்பனைப் போல இல்லை. நீங்க எத்தனை நாள் கணக்குப் போட்டுப் பழகினீங்க, மைக்ல பேசினாரே எங்கப்பா, மூணு வாரமா ராத்திரியும் பகலும் கணக்குப் போடவெச்சு உயிரை எடுத்துட்டார், கடைசிக் கேள்வி வரைக்கும் எழுந்திருக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினார் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். ஊருக்குத்தான் உபதேசம்!

மறுநாள் காலையில் டெல்ஃபினா அவன் அறையில் இருந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம். ஒட்டுக் கேட்டேன் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

"மிஸ்டர் பிரிட்செட், எங்ககிட்ட பரீட்சை இல்லன்னீங்க. உங்க பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?"

மிட்டாய்க் கிண்ணத்தை நகர்த்தும் சத்தம். பிறகு அவன் குரல், அதே சர்க்கரைக் குரல். "டெல்ஃபினா... அவ என் பொண்ணு இல்லையா."

ஒளிக்கவில்லை, வெட்கப்படவில்லை. தகப்பன் என்றால் அப்படித்தானே என்பதுபோல் சொன்னான்.

அவள் சண்டை போடவில்லை. முதியோர் பள்ளியில் இயற்கணிதம் படித்திருக்கிறேன், வேண்டுமானால் இப்போதே உட்காரவைத்துக் கேளுங்கள், நேரே அந்த வகுப்பில் போட்டுவிடுங்கள் என்று கேட்டாள். அவன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அந்த அதிகாரம் எங்கள் அலுவலகத்தில் அவனுக்கு மட்டும்தான். கால்பந்துக் குழுவிலிருந்து தடிமாடு மாதிரி ஒருவன் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கைதான். அவளிடம் விதி என்றான், எல்லோருக்கும் ஒரே நியாயம் என்றான். மதியம் நான் போய்ச் சண்டை போட்டேன். அவசரப்பட்டால் அவள் தோற்றுப்போவாள், அதைப் பார்க்க என் மனசு தாங்காது லொரேன் என்று நெஞ்சில் கைவைத்தான். தூ! மனசாம்.

அவள் கூட்டல் கழித்தலில் உட்கார்ந்தாள். வகுப்பிலேயே முதல். எப்படி இல்லாமல் போகும்? அதைப் பார்த்ததும் டேரிலுக்குப் புளகாங்கிதம். ஜனவரி அறிமுக நாளில் வந்து பேசு என்று அவளைக் கூப்பிட்டான். அடியிலிருந்து தொடங்கி முன்னேறிய பெண்மணி என்று மேடையில் தோளைத் தட்டி மைக்கைக் கொடுத்தான்.

அவள் கையில் எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை.

"என் பேரு டெல்ஃபினா. இப்ப உங்களுக்கு வைக்கப்போறது பரீட்சைதான். நான் விளையாட்டா எழுதிட்டு ஓடினேன், என்னைக் கொண்டுபோய் ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுல உக்காரவெச்சிட்டாங்க. இவரு மகளுக்கு மூணு வாரம் சொல்லிக் குடுத்தாரு. உங்களுக்கும் எனக்கும் யாரு சொல்லிக் குடுத்தா? அதனால எழுந்திருக்காதீங்க. பீட்சா ஆறிப்போனா போகட்டும்."

கூடத்தில் ஒரு நாற்காலி நகரவில்லை. தேர்வு தொடங்கியது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பால் பண்ணைக்காரன் ஒருவன் விரல்விட்டு எண்ணி எண்ணிக் கடைசிவரை போராடியதைப் பார்த்தேன். எங்கள் கல்லூரி கண்டிராத மதிப்பெண் அன்று வந்தது. கூட்டல் கழித்தல் வகுப்பில் ஒரு பிரிவையே மூடினார்கள்.

டேரில் கோபப்பட்டான் என்றா நினைக்கிறீர்கள்? கோபப்படவும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். மாணவரை வைத்தே மாணவருக்கு ஊக்கம் தரும் புதிய முறையைக் கண்டுபிடித்தவன் என்று டீன் அவனுக்குக் கேடயம் கொடுத்தார். கண்ணில் நீரோடு வாங்கிக்கொண்டான். டெல்ஃபினாவைப் பற்றி நாலு நிமிடம் உருகினான். நான் நேரே போய், இப்போதாவது அந்தக் கையெழுத்தைப் போடு, இயற்கணிதம் இன்னும் ஒரு வாரத்தில் தொடங்குகிறது, தேறினால் கோடையில் உயிரியலை முடிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு இலையுதிர் கால நர்சிங்கில் மே மாதமே இடம் தருவார்கள், அதை வைத்தே ஆஸ்பத்திரியில் உடனே வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்றேன்.

"இவ்ளோ அழகா ஏறி வர்றா. நடுவுல ஏன் கலைக்கணும்?" என்றான்.

மே மாதம் கொட்டகையை மூடினார்கள். டெல்ஃபினா இரண்டாம் படியை முடித்திருந்தாள், அதிலும் முதல். கோடை வகுப்பிலிருந்து பேரை எடுக்கச் சொல்லி என்னிடம் வந்தாள். வாசலில் அக்காவின் வண்டி நின்றது, கூரையில் மெத்தை கட்டியிருந்தது. பிள்ளைகள் இரண்டும் பின் இருக்கையில். பள்ளிக்கூடம் முடிய இன்னும் நாள் இருந்தது. செர்ரி காத்திருக்காது.

எங்கள் குரல் கேட்டு டேரில் வெளியே வந்தான். விஷயம் தெரிந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டு கையையும் விரித்தான். "எங்க போனாலும் எங்களை மறந்துடாதீங்க டெல்ஃபினா. நீங்களும் எனக்கு ஒரு மக மாதிரிதான்."

அவள் அந்தக் கைகளுக்குள் போகவில்லை. இருந்த இடத்திலேயே நின்றாள்.

"மகளா இருந்தா உக்காருடின்னு சொல்லியிருப்பீங்களே சார்," என்றாள்.

அவன் விரித்த கையை மடக்கத் தெரியாமல் நின்றான். அவள் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.