பவளம் அக்கா பார்த்த பந்துவீச்சு

பவளம் அக்கா காலமான செய்தியை அவருடைய பக்கத்து வளவுக்காரர் வந்து சொன்னார். வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்ற அக்கா நெஞ்சைப் பொத்தியபடி வரம்பில் குந்தினாராம்; அவ்வளவுதான். கேட்டதும் நான் செய்தது, சைக்கிளுக்குக் காற்று அடித்தது. புத்தூருக்குப் போய் அவருடைய தம்பி ரவிக்குச் சொல்ல வேண்டும். அழுகை வரவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதும்போதும் வரவில்லை.

நீர்வேலியில் எங்கள் கிரிக்கெட் கழக மைதானத்து வேலிக்கு அப்பால் அக்காவின் வாழைத்தோட்டம். பந்து உள்ளே விழுந்தால் எடுத்துத் தருவார், சும்மா தரமாட்டார்.

"மாஸ்ரர், உங்கடை பெடியள் மற்ற நாளிலை நல்லாத்தான் போடுறாங்கள். தோத்தா வெளியிலை எண்டு வந்தவுடனை வேகம் கூடுது, புத்தி குறையுது" என்று ஒருமுறை சொன்னார். நான் அணித் தலைவன். எரிச்சலாக இருந்தது. ஆனால் வருடா வருடம் அரையிறுதியில் அப்படித்தான் அடி வாங்கி வெளியேறினோம்.

இறுதிப் போட்டிக்கு ஒரேயொரு முறைதான் போனோம், அதுவும் ரவியின் பந்துவீச்சால். தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தது அக்காதான். சண்டைக்காலம்; அன்று ஆட்டத்தின் நடுவே ஆமியின் ஹெலிகொப்டர் வந்து சுற்றியது. எல்லோரும் அக்காவின் வாழைகளுக்குள் ஓடிப் படுத்து, அது போனபின் திரும்பிவந்து ஆடினோம். கடைசி ஓவர்களுக்கென்று ரவியை மிச்சம் வைத்திருந்தேன். அவனிடம் பந்தை நீட்டியபோது அக்கா வேலியைக் கடந்து மைதானத்தின் நடுவுக்கே வந்துவிட்டார்.

"அவனிட்டைக் குடுக்காதேங்கோ மாஸ்ரர். நேற்றிலையிருந்து இடக்கையாலைதான் சீப்புப் பிடிச்சுத் தலை இழுக்கிறான். தோள் போச்சுது."

"எனக்கொண்டுமில்லை அண்ணை, தாங்கோ" என்றான் ரவி.

கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னேன். தூக்கினான். முகம் வெளிறிப்போனது. பந்தை வேறொருவனிடம் கொடுத்தேன். அவன் போட்டதெல்லாம் எல்லைக்குப் போனது. தோற்றோம்.

ஊரே அக்காவைத் திட்டியது. "உங்களுக்குக் கோப்பை போச்சு. எனக்கு என்ரை தம்பியின்ரை கை கிடக்கு" என்று வேலியோரம் நின்று சொன்னார். கோப்பையை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியத்தான் செய்கிறது. ரவி அன்றோடு அக்காவுடன் கதைப்பதை விட்டான். கல்யாணம் செய்து புத்தூருக்குப் போனபின் அந்த வாசற்படியே மிதிக்கவில்லை.

அக்கா அச்சுவேலிச் சந்தைக்குப் போகிற நாள்களில், புத்தூரில் றோட்டுக்கரையில் சைக்கிளை நிறுத்தி, ரவி தோட்டம் கொத்துவதைத் தூரத்தே நின்று பார்ப்பார். திரும்பி வந்து என்னிடம் சொல்வார்: "கை நல்லா உயருது, மாஸ்ரர்."

"கிட்டப் போய் ஒரு சொல்லுக் கதைச்சா என்ன அக்கா?"

"அவன் கதைக்கட்டும்."

இருவருக்கும் சமாதானம் சொல்லிச் சொல்லி நான் களைத்துப்போனேன். பிடிவாதத்தில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான்.

ரவிக்குச் செய்தி சொன்னேன். சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தான். கொள்ளி வைத்தவனும் அவன்தான். சுடலையிலிருந்து திரும்பும்போது எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"உனக்குத் தெரியாது ரவி. சந்தை நாளிலை அக்கா உன்ரை தோட்டத்தடியிலை நிண்டு பாக்கிறவ."

"தெரியும் அண்ணை" என்றான். கொஞ்சத் தூரம் நடந்தபின் சொன்னான்: "அவ வாற நேரம் பாத்துத்தான் நான் மண்வெட்டியை எடுக்கிறனான். தோள் இப்பவும் நோகும். எண்டாலும் அவ நிக்கேக்கை உயத்தித்தான் கொத்துவன்."

அப்போதும் அழுகை வரவில்லை.

பவளம் அக்காவை அறிந்த நீங்கள் அவரைப் பற்றி இன்னும் எவ்வளவோ சொல்வீர்கள். எனக்கு அவர் விட்டுப்போனது அந்தச் சந்தை நாள் வேலையைத்தான். இப்போது புத்தூர் றோட்டுக்கரையில் நான் சைக்கிளை நிறுத்துகிறேன். ரவி கொத்துகிறான். கை தோளுக்கு மேல் எழுவதில்லை.