டிரங்க் காலில் போன புளி விலை

1986 மார்ச் 12, புதன்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று துளியும் இல்லை. கடத்தூரில் நான் கணக்கு எழுதிவந்த புளி மண்டியின் முதலாளி என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"நம்ம அடிமட்ட ரேட்டு, புளி வாங்கற பெங்களூர் புரோக்கருக்கு எப்படிங்க தெரியுது? சனிக்கிழமைக்குள்ள கண்டுபிடிங்க. இல்லீன்னா பெட்டிச் சாவியக் குடுத்துட்டு வூட்டுக்குப் போங்க."

பதினாறு வருடம் நான்கு மாதம் நான் வைத்திருந்த சாவி. ரேட்டு நோட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பது வழக்கம். அன்று ஏழு தரம் இழுத்துப் பார்த்தேன்.

எங்கள் தெருவில் ஐந்து மண்டிகள். போட்டிக்காரர்கள் என்பதால் கணக்கர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஆனால் மறுநாள் மற்ற நால்வர் முகமும் என் முகம் போலவே இருந்தது. அவர்களுடைய முதலாளிகளும் அதையே கேட்டிருந்தார்கள். முதல் முறையாக டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் என் பூட்டின் பெருமையைச் சொன்னேன்.

எதிர் மண்டிக் கணக்கரான பாய் சிரித்தார். "பூட்டு கெடக்கட்டுங்க. நேத்து உங்க ரேட்டு கிலோ ஆறே கால். சரிங்களா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "யாருங்க பாய் சொன்னது?"

"நீங்கதான். மெட்ராஸ் ஏஜெண்டுக்கு டிரங்க் கால்ல கத்துனீங்களே. போன் இல்லாமயே அவருக்குக் கேட்டிருக்கும்."

உண்மைதான். அந்தக் காலத்து வெளியூர் போன் லைனில் கத்தாவிட்டால் மறுமுனைக்கு ஒன்றும் கேட்காது. ஐந்து பேரும் தினமும் கத்தினோம். தெரு நடுவே சலூன் வைத்திருந்தவர் பக்கத்துப் பெஞ்சிலிருந்து திரும்பினார்.

"புரோக்கரோட ஆளு தெனமும் பத்தரைக்கு, உங்களுக்கெல்லாம் போன் வர்ற நேரமாப் பாத்து, ஷேவிங்குக்கு வர்றாருங்க. வழிக்கறதுக்கு மொகத்துல ஒண்ணும் இருக்கறதில்ல. நானும் சும்மா கத்தி ஓட்டி அனுப்பறேன்."

விசாரித்ததில் பத்தொன்பது நாளில் பத்தொன்பது ஷேவிங்.

கத்துவதை நிறுத்த முடியாது. "அப்ப எல்லாருமாச் சேர்ந்து கத்துவோம்" என்றார் பாய். யாருக்கு டிரங்க் கால் வந்தாலும் அவர் சைக்கிள் பெல்லை அடிக்க வேண்டும். உடனே மற்ற நால்வரும் சும்மா ரிசீவரை எடுத்து, வாய்க்கு வந்த ரேட்டைக் கத்த வேண்டும்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு பாய் கடையில் பெல் அடித்தது. நான் "ஏழே முக்கால்!" என்று கத்தினேன். பக்கத்துக் கடை "அஞ்சரை!" என்றது. தெருக்கோடி மண்டிக் கணக்கர் கன்னடத்திலேயே வெளுத்து வாங்கினார். சலூனிலிருந்து அந்த ஆள் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு தெருவுக்கு ஓடி வந்து, எந்தப் பக்கம் காதைக் கொடுப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தான்.

சனிக்கிழமை புரோக்கரே நேரில் வந்தார். "இன்னைக்கு ரேட்டு என்னங்க?" என்று ஐந்து கடைகளிலும் கேட்டார். அந்த சீசனில் அவர் எங்களைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

முதலாளி சாவியைக் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சத்தமாக் கத்துங்க" என்று மட்டும் சொன்னார்.

சீசன் முடிய இன்னும் பதினான்கு நாள். தினம் ஐந்து பெல் வீதம் எழுபது கத்தல். எழுபதாவது முடிந்தபோது தொண்டையில் குரல் இல்லை. டாக்டர் பீஸ், ஊசி, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் சேர்த்துப் பதினெட்டு ரூபாய் நாற்பது காசு ஆயிற்று. அதை மண்டிச் செலவில் எழுத முதலாளி சம்மதிக்கவில்லை.