மாரிச்சாமிக்காகச் சாப்பிட்ட பச்சை மீன்

மும்பையில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் உட்கார்ந்து, தட்டில் பாதியைத் தின்று முடித்திருந்தபோது செல்போன் அடித்தது. விருதுநகர் பக்கத்து ஆமத்தூரிலிருந்து மாரிச்சாமியின் மனைவி பேச்சியம்மாள். "அண்ணே, அவுக போயிட்டாக" என்றார். தொடர்ந்து, "காலையில கூட ஒங்க போனு வந்துச்சான்னு கேட்டாக" என்றார். என் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்த பரிமாறுபவர், தட்டிலிருந்த பச்சை விழுதின் காரம் என்று நினைத்து அவசரமாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். வேறென்ன செய்வது?

சிவகாசியில் அச்சுத் தொழிலில் இருக்கும் உங்களுக்கெல்லாம் அவனைத் தெரியும். காலண்டர் ஆர்டர் பிடிக்க ஒரே கம்பெனிக்காக ஊர் ஊராக அலைந்தவர்கள் நாங்கள். ஒரே வயது, மாப்ளே மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். செத்துப்போய்விட்டான் என்பதற்காக இப்போது 'அவர்' போட எனக்கு வரவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு, அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானதும் ரயில் ஏறுவோம். மும்பையில் அப்போது மழை கொட்டும். ஆல்பம் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காகிதக் கடைச் சந்துகளில் நாளெல்லாம் ஏறி இறங்கினால், சாயங்காலம் என் கால் எனக்குச் சொந்தமில்லை. லாட்ஜுக்குப் போய், கடையில் வாங்கிய சோற்றில் தயிரை ஊற்றி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடியைத் தொட்டுக்கொண்டு படுத்தால் போதும் என்றிருக்கும். அவன் விடமாட்டான். "ஏலே மாப்ளே, இம்புட்டுத் தூரம் வந்தது பருப்புப்பொடி திங்கவா? ஒலகம் பூரா இங்கன வந்து அடுப்புப் பத்தவச்சிருக்கான். எந்திரிலே" என்பான். ஈரானிக் கடை பன்னும் டீயும், பார்சிக்காரர்களின் பருப்பும் கறியும், லெபனான் ரொட்டி என்று இழுத்துக்கொண்டு போவான். நான் பின்னால் ஈரச் செருப்போடு நடப்பேன். பாதி நாள் அவனைத் திட்டிக்கொண்டேதான் நடந்திருக்கிறேன்.

அவனுக்கு இந்தி தெரியாது. பக்கத்து மேசைத் தட்டைக் கைகாட்டி "அது" என்பான், அவ்வளவுதான். ஒருமுறை ஒரு முஸ்லிம் கடையில், காலெலும்புக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பாயின் தட்டைக் காட்டினான். அவரோ, பசித்த ஆள் என்று நினைத்துத் தட்டை இவன் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு மானம் போயிற்று. இவன் கொஞ்சமும் கூசாமல் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு அவருக்கும் ஒரு தட்டு வரவழைத்தான். வெளியே வந்ததும் சண்டை போட்டேன். "அந்த மனுசன் மனசார கொடுத்தாரு. வேண்டாம்னா அவரு மூஞ்சி எப்பிடிப் போகும்?" என்றான்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். "எங்காத்தா தீப்பெட்டி ஆபீஸ்ல வேல முடிஞ்சு வந்து ஒல வைக்கும். தெனமும் ஒரே புளிக்கொழம்பு. நாக்குன்னு ஒண்ணு இருக்கதே ரொம்ப நாளு தெரியாது மாப்ளே" என்றான். ஊர் திரும்பி விருதுநகரில் இறங்கியதும் நேரே எண்ணெய்ப் புரோட்டா கடைக்குத்தான் போவான். பிறந்ததிலிருந்து தின்ற புரோட்டாவை அன்றுதான் பார்ப்பவனைப் போலப் பிய்த்துப் பார்ப்பான்.

அப்பேர்ப்பட்டவனுக்கு உணவுக்குழாயில் புற்று வந்தது. மதுரையில் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து அனுப்பினார்கள். பேச்சியம்மாள் அதில் கஞ்சித் தண்ணியை ஊற்றுவார். நான் பார்க்கப் போன அன்று எனக்குக் கறிக்குழம்பு வைக்கச் சொல்லி, தன் எதிரே உட்காரவைத்தான். நாலு வாய் பிசைந்து தின்றேன். "எப்பிடி மாப்ளே இருக்கு?" என்றான். "நல்லா இருக்கு" என்றேன். அவனுக்கு வந்த கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "நல்லா இருக்குன்னா? உப்புக் கூடவா, கொறைச்சலா? மொளகு தெரியுதா, இல்லையா? இனி ஒன் நாக்குதாம்லே எனக்கு. ஒழுங்காச் சொல்லு" என்றான். நான் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு எச்சில் விழுங்கப் பார்த்தான். அதுவும் இறங்கவில்லை.

இந்த வருஷம் நான் தனியாகத்தான் போனேன். கிளம்பும்போது, "அந்த ஜப்பான்காரன் கட. பச்ச மீனு. அது ஒண்ணுதான் பாக்கி" என்றான். வருஷா வருஷம் வாசலில் நின்று விலையைப் பார்த்துவிட்டு, அடுத்த சீசனில் பார்ப்போம் என்று திரும்பிய கடை அது. மும்பையில் தினமும் ஏதாவது ஒன்றைத் தின்று, போன் போட்டு ருசி சொல்லிவிட்டுத்தான் படுக்க வேண்டும். சில நாள் எனக்கு அலுத்துப்போனது. வாய் கசந்த நேரத்திலும் தின்றேன். ஜப்பான்காரன் கடையைத்தான் கடைசி நாளுக்குத் தள்ளிப் போட்டுவிட்டேன். பச்சை மீன் என்றாலே எனக்குக் குமட்டும். நாளைக்கு அந்த மீன்தான் என்று முந்தின ராத்திரி போனில் அவனிடம் சொல்லியிருந்தேன்.

நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு பேச்சியம்மாள் அருகில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, அந்த மீனு எப்பிடி இருந்துச்சு?"

அவனிடம் சொல்வதைப்போலவே சொன்னேன். "சோறு ஆறிப் போயிருந்துச்சும்மா. லேசாப் புளிப்பு, நம்ம பழைய சோறு மாதிரி. மேல ஜில்லுன்னு மீன் துண்டு. கவிச்சியே இல்ல. வழுக்கிக்கிட்டுத் தானா எறங்கிருச்சு."

"பழைய சோறா? அதுக்கா அம்புட்டு ஏங்குனாக?" என்று சிரித்தார். சிரித்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அடுத்த ஆடிக்கும் நான்தான் போக வேண்டும். திரும்பவும் தயிர்ச்சோறு தின்றுகொண்டு கிடக்கலாம், இழுத்துப்போக யாரும் வரப்போவதில்லை. ஆனால் இப்போது அந்தத் தயிர்ச்சோற்றையும் என்னால் சும்மா விழுங்க முடியவில்லை. முதல் வாயிலேயே நின்றுவிடுகிறேன். உப்புக் கூடவா, குறைச்சலா, தயிர் எத்தனை நாள் புளித்தது என்று நாக்கு பார்த்து வைக்கிறது. மாரிச்சாமி எனக்கு விட்டுப்போனது இந்த நாக்கைத்தான். சாப்பிட்டு முடித்ததும் கை தானாகப் போனைத் தேடுகிறது.