நீல விளிம்புத் தட்டுகள்

சிறுசேரியில் என் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஃப்ளாட் வாங்கிக் குடிபோனபோது வீடு ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையாக இருந்தது. சுவர், தரை, அலமாரி எல்லாம் ஒரே பளபளப்பு. அப்போதுதான் எனக்குப் பழைய சாமான்களின் மேல் பைத்தியம் பிடித்தது. சனிக்கிழமை ஆனால் நானும் கணவரும் மாமல்லபுரம் பக்கம் வண்டியை விட்டுவிடுவோம். ஈசிஆர் ஓரமாக ஒரு தகரக் கொட்டகைக் கடை. இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், விளக்கு எல்லாம் உப்புக் காற்றில் பாதி துருவேறிக் குவிந்து கிடக்கும். கறுப்பு டயல் போன், வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல், வால்வு ரேடியோ என்று ஒவ்வொன்றாக எங்கள் வீட்டுக்கு வந்தன. ரேடியோ பாடாது. அதன் மேல் ஒரு செடித்தொட்டி வைத்தோம்.

எனாமல் தட்டுகளைக் கண்டுபிடித்தது நான். வெள்ளைத் தட்டு, நீல விளிம்பு, பூச்சு பெயர்ந்த இடங்களில் கறுப்புப் புள்ளிகள். இதே மாதிரி புதிதாகச் செய்து, வேண்டுமென்றே பழசாக்கி ஆன்லைனில் விற்கிறார்கள். இவை அசல்.

"ஓரமெல்லாம் பேந்துபோயிருக்கே," என்றார் கணவர்.

"அதுதாங்க அழகே," என்றேன்.

எங்களுடையது காதல் திருமணம். என் அம்மா படாளத்தில் இருக்கிறார். சொந்த நிலம் ஒரு அடி இல்லாமல் மற்றவர் வயலில் கூலிக்குப் போனவர். பிறகு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து என்னைப் படிக்க வைத்தார். கணவரின் வீட்டார் மதுராந்தகத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் நிலம் வைத்திருக்கிறவர்கள். கல்யாணத்துக்கு மாமியார் வரவில்லை. மனம் மாறியது அவருக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்தபோதுதான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவருக்கு, யாரும் கேட்காமலே அம்மா தினமும் பஸ் பிடித்துச் சோறு கொண்டுபோனார். அத்தை முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது நாள் ரசத்துக்குப் பக்குவம் கேட்டார். வீடு திரும்பியதும் போன் பேச ஆரம்பித்தார்கள். சீரியல், மாத்திரை, மருமகளான நான் தூங்கி எழும் நேரம் எல்லாம் பேச்சு. 'வாங்க' 'போங்க' எல்லாம் எப்போது 'வா' 'போ' ஆனது என்று எங்களுக்கே தெரியாது. பேசிச் சிரித்து ஓய்ந்து, "வெச்சிர்றேன் சம்மந்தி, அடுப்புல வேல கீது" என்று அம்மா சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்பா போனபின் அம்மா அப்படிச் சிரித்ததில்லை.

புது வீட்டுக்கு இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டோம். சாப்பிட்டுவிட்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவதாக அவர்களே போனில் திட்டம் போட்டிருந்தார்கள். நான் மீன் குழம்பு வைத்து, நெத்திலி வறுத்து, என் புதிய பழைய தட்டுகளை மேஜையில் அடுக்கினேன். அம்மா தட்டைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன்.

அத்தை தன் தட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"அட, இது எங்க வூட்ல இருந்த தட்டு மாதிரியே கீதுடி! கொட்டாயில கூர எரவாணத்துல சொருவி வெச்சிருப்போம். ஆளுங்களுக்குன்னு தனி. அறுப்புக்கு வந்தாங்கன்னா அவங்களே எடுத்து, துன்னுட்டு, கழுவி அங்கியே..."

அங்கே நிறுத்தினார். அம்மாவைப் பார்த்தார். கணவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் தலை குனிந்துகொண்டார்.

"கொழம்பு நல்லா கீது. இன்னும் கொஞ்சம் ஊத்து," என்று அம்மா என்னிடம் தட்டை நீட்டினார்.

ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். நான் தடுத்தும் கேட்காமல் தன் தட்டைத் தானே கழுவினார். பிறகு பார்த்தபோது மற்ற மூன்று தட்டுகள் சமையலறையில் இருந்தன. அம்மாவுடையது பால்கனியில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், தரையில் கவிழ்த்து வைத்திருந்தது. கைப்பழக்கத்தில் செய்ததா, தெரிந்தே செய்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"பீச்சுக்குக் கெளம்பலாமா சம்மந்தி?" என்று அத்தை மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க. ஆட்டக் கட்டிப்போட்டுட்டு வந்துட்டேன். நீங்க போய்ட்டு வாங்க."

அந்த 'ங்க'வை எல்லோரும் கேட்டோம்.

செங்கல்பட்டு வரை நான் காரில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன்.

"உனக்கு இன்னாத்துக்குத் தெரியணும்? தெரியவே கூடாதுன்னுதான் ஒண்ணும் சொல்லாம வளத்தேன்."

"தட்டப் பாத்ததுமே சொல்லியிருக்கலாம்ல?"

"ஆசையா வாங்கி வெச்சிகினு நிக்கற. இன்னான்னு சொல்றது?"

தட்டுகளைக் கணவர் அதே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கடைக்காரர் காரணம் கேட்கவில்லையாம். கடற்கரை ஓட்டல் ஒன்றுக்கு இந்த மாதிரி தட்டுதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், உடனே போய்விடும் என்றாராம். வீட்டில் எவர்சில்வர் தட்டு வாங்கி வைத்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மா தானாகப் போன் செய்வது நின்றுபோனது. அத்தை கூப்பிட்டால் அம்மா எடுப்பார். மரியாதையாக நலம் விசாரிப்பார். இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவார். சண்டை போட்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். இதில் எங்கே கை வைப்பது?

பொறுக்க முடியாமல் அத்தை ஒருநாள் யாரிடமும் சொல்லாமல், வேர்க்கடலை மூட்டையோடு பஸ் ஏறிப் படாளத்துக்கே போனார். அம்மாவின் வீட்டுக்கு அதுவரை அவர் போனதில்லை. "பசிக்குது, சோறு போடு" என்று கேட்டு வாங்கி, முட்டி வலியைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்து வாழை இலையில் பரிமாறினார். எந்தக் குறையும் இல்லை. ஆனால் "நீயும் ஒக்காரு" என்று எத்தனை முறை சொல்லியும் கூட உட்காரவில்லை. "நீங்க சாப்புடுங்க, நான் அப்பறமா" என்று கரண்டியோடு சுவரோரம் நின்றார்.

அங்கிருந்து அத்தை ஊருக்குப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சோபாவில் உட்கார்ந்து படாளத்தில் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"அந்த வூட்டுக்கு நான் மருமவளா வந்தவடி," என்றார் கடைசியில். "தட்ட நானா தனியா வெச்சேன்? ஆனா சோறு போட்டது நான்தான். எத்தினி வருசம் போட்டிருக்கேன். ஒரு நாளும் ஒண்ணும் தோணலடி எனக்கு."

அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். சுவரோரம் கரண்டியோடு நின்ற அம்மாவை நினைத்தபோது எனக்கு அந்த வார்த்தை வரவில்லை.