பத்தியத்தில் சேராத பிரசாதம்

அறுபதுகளின் தொடக்கத்தில் பழனி அடிவாரத்தில் எங்களுக்குப் பஞ்சாமிர்தக் கடை இருந்தது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பங்குனி உத்திரக் கூட்டத்தில் வெறுங்காலோடு அலைந்து, கட்டைவிரலில் கல் குத்திவிட்டது. இரண்டு மாதமாகியும் புண் ஆறவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுச் சர்க்கரை வியாதி என்றார். இனிப்பை விடாவிட்டால் விரலையும், அப்புறம் காலையுமே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லி அனுப்பினார்.

விட்டேனே! காபிக்குச் சர்க்கரை கிடையாது, அல்வா, ஜிலேபி எதையும் தொடவில்லை. தெருவே மெச்சியது. ஆனால் தினமும் வெள்ளனே அண்டாவிலிருந்து ஒரு கரண்டி பஞ்சாமிர்தம் மட்டும் உள்ளே போய்விடும். பதம் பார்க்க வேண்டாமா? மனைவி கேட்டால் பழனிக்காரனுக்கே உரிய பதில் ஒன்று கைவசம் இருந்தது: முருகன் பிரசாதத்துக்கு ஏது பத்தியம்? புண் கறுத்துக்கொண்டே வந்தது.

அவள் மேல்மலை மன்னவனூர்க்காரி. சிறுவயதில் வருடத்துக்கு ஒருமுறை, கோயிலுக்குப் போனவர்கள் கொண்டுவரும் பஞ்சாமிர்தத்தில் உள்ளங்கையளவு கிடைக்குமாம். அதற்காகத்தான் எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டாள் என்று கேலி செய்வேன். அண்டா காலியானதும் கரண்டியோடு படியில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி வழித்து வழித்துத் தின்பாள்.

ஒரு கார்த்திகையன்று தனியாக மலையேறிவிட்டு வந்தாள். என் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டே, "பஞ்சாமிர்தத்த முருகன்கிட்ட விட்டுட்டு வந்துட்டேங்க" என்றாள்.

"என்னையக் கேக்காம எனக்கு எப்படி நேந்துக்கிட்டே?" என்று எகிறினேன்.

"உங்களுக்கு யாருங்க நேந்துக்கிட்டா? விட்டது நான். உசுரு இருக்கிற வரைக்கும் தொடமாட்டேன், அவரு காலு நெலைக்கட்டும்னு சொல்லிட்டு வந்தேன். நீங்க எப்பவும்போலப் பதம் பாருங்க."

மறுநாள் கரண்டியை எடுத்தேன். வாய்வரை போகவில்லை. பக்கத்தில் அவள் ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நோயே இல்லாதவள் பத்தியம் இருக்கிறாள், நோயாளி நான் நக்கிக்கொண்டிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. சாமி பெயரைச் சொன்னால் இரத்தத்துக்குத் தெரியவா போகிறது?

அன்றிலிருந்து எனக்கு அவள் ஊர்ச் சாமைச்சோறும் கீரையும்தான். ஆரம்பத்தில் தொண்டைக்குள் இறங்கவே இல்லை, போகப்போக அதன் ருசி பிடிபட்டது. புண் ஆறப் பல மாதமாயிற்று, விரல் தப்பியது. கடையில் நாங்கள் இருவருமே வாயில் வைப்பதில்லை. மணத்தை வைத்தே பதம் சொல்லப் பழகினோம். சந்தேகம் வந்தால் முதலில் வருகிற பக்தரைக் கேட்டுக்கொள்வோம்.

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். திதியன்று இலையில் முதலில் பஞ்சாமிர்தம்தான் வைப்பேன். உசுரு இருக்கிற வரைக்கும் என்றுதானே வாக்குக் கொடுத்தாள்? விரலில் ஒட்டியதை நாக்கு இன்னமும் கேட்கும். கழுவிவிடுவேன். அந்த ஆசையைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டேன். அவள் படியில் உட்கார்ந்து கரண்டி வழிப்பதை ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குத்தான், அவள் வாங்கிக்கொடுத்த இந்தக் காலோடு இத்தனை வருடம் நடந்தும், ஒரு பத்தியமும் எனக்குத் தெரியவில்லை.