இடது கணுக்கால்

என் மகன் வேல்ஸ்காரன். யாழ்ப்பாணத்துத் தீவில் உள்ள என் சொந்த ஊரான கரம்பொன்னில் இதை யாருக்கும் விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. வெளிநாடு என்றால் இங்கே கனடா, பிரான்ஸ், லண்டன் என்று மூன்று ஊர்கள்தான். நான் லண்டனில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. என்றாலும் ஊருக்கு நான் லண்டன் அக்கா, அவன் லண்டன் பெடியன். அவன் மட்டும் சலிக்காமல் திருத்துவான்.

"லண்டன் இல்லை மாமா, வேல்ஸ்."

"அது எங்கை கிடக்கு?" என்று என் அண்ணை கேட்பார். லண்டனுக்குப் பக்கத்தில்தான் என்று நான் சொல்லிவிடுவேன். மகனின் முகம் சுருங்கும். பதினேழு வயது. வேல்ஸ் அணியின் சிவப்புச் சட்டையை ஒரு தடவை போட்டவன். பயிற்சி முகாம் ஒன்றுக்காகத்தான், நிரந்தர இடம் இல்லை. ஆனாலும் வேல்ஸ் மொழித் தேசிய கீதத்தை அவனோடு சேர்ந்து நானும் குசினிக்குள் நின்று பாடமாக்கினேன். அர்த்தம் பாதிதான் தெரியும்.

வேல்சின் தென்கரையில் உள்ள ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகத்தில் அவன் பயிற்சி பெறுகிறான். ஒன்பது வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் பார்த்துக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்று ஒன்று இல்லை. மழைக்குள் கார் ஓடி, மைதானத்தைச் சுற்றிய கயிற்றுக்கு வெளியே நின்று, வாயைத் திறக்காமல் பார்த்துவிட்டு வரவேண்டும். பெற்றோர் சத்தம் போடக் கூடாது என்பது அங்கே விதி. ஒவ்வொரு வருடமும் கோடை தொடங்குமுன் சில பிள்ளைகளை வைத்துக்கொள்வார்கள், சிலரை அனுப்பிவிடுவார்கள். பதினாறு வயதில் இரண்டு வருட ஒப்பந்தம் கிடைத்தது. அதில் ஒரு வருடம் முடிந்துவிட்டது. வரும் டிசம்பரில் நத்தாரை ஒட்டி, அவனைத் தொழில்முறை வீரனாக எடுப்பதா விடுவதா என்று சொல்வார்கள். எனக்கு நித்திரை குறைந்தது அந்த ஒப்பந்தத்திலிருந்துதான்.

அவனோடு சேர்ந்த மற்றப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதை அவனைவிட நான் கூடுதலாக அறிவேன். இது நல்ல பழக்கம் இல்லை என்று என் கணவர் சொல்லுவார். ஒருவனைக் கீழ்ப் பிரிவுக் கழகம் ஒன்றுக்குக் கடனாக அனுப்பினார்கள். வளர்ந்த ஆண்களோடு ஆடி முன்பல் ஒன்றைத் தொலைத்துவிட்டு, சிரித்தபடி படம் போட்டிருந்தான். இன்னொருவன் கிண்ணப் போட்டியில் மூத்த அணிக்காகக் கடைசி நிமிடங்களில் இறங்கினான். அதன் பிறகு அவனுடைய தாய் எங்களோடு கயிற்றடியில் நிற்பதில்லை. கோல் காப்பாளனாக இருந்தவனைப் போன வருடம் விட்டுவிட்டார்கள். அவனுடைய தாய்தான் குளிர் காலம் முழுக்க எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தவள். சூப்பர்மார்க்கெட்டில் அவளைக் கண்டபோது, பாண் அடுக்கியிருந்த தட்டுகளுக்குப் பின்னால் நான் திரும்பி நின்றுகொண்டேன். என்ன சொல்லுவது?

என் மகன் இடது பின்களத்தில் ஆடுகிறான். முன்பு முன்களத்தில் ஆடியவன், வளர வளரப் பின்னுக்குத் தள்ளினார்கள். கடைசியாக எங்களை இருத்திக் கதைத்தபோது பயிற்சியாளர் சொன்னது என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பிள்ளை பந்தை அழகாக வாங்குகிறான், அழகாகக் கொடுக்கிறான். ஆனால் எதிரில் வருபவனோடு மோதத் தயங்குகிறான். தன்னைக் காப்பாற்றிக்கொண்டு ஆடுகிறவனை இந்தத் தொழிலில் வைத்திருப்பது கஷ்டம். அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். காரில் திரும்பும்போது மகன் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஓகஸ்டில் அண்ணையின் மகளுக்குக் கல்யாணம். நான் வேலையில் நீண்ட விடுப்பு எடுத்து ஜூனிலேயே வந்துவிட்டேன். மகனுக்கு அந்த மாதம் மட்டும் கழகத்தில் ஓய்வு, அதனால் அவனையும் கூட்டிவந்தேன். வேறு எந்தக் கழகத்துக்கும் ஆடக் கூடாது, தெருவில்கூடப் பந்துக்கு முட்டி மோதக் கூடாது என்று அவர்கள் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஓடலாம், நீந்தலாம். இதை வந்த அன்றே அண்ணைக்குச் சொன்னேன். அவர் ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். ஓம் என்று தலையாட்டினார்.

காலையில் அவரே மோட்டார் சைக்கிளில் மகனைச் சாட்டிக்குக் கொண்டுபோய்விடுவார். அவன் கடற்கரை மணலில் ஓடுவான். ஓடி முடிந்தபின் பந்தைக் காலால் தட்டித் தட்டி நிலத்தில் விழாமல் வைத்திருப்பதைப் பார்க்க, குளிக்க வந்தவர்கள் கூடுவார்களாம். அண்ணை அதை வீட்டுக்கு வந்து சொல்லும்போது அவருடைய கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நாங்கள் வந்த இரண்டாம் வாரம் கோயில் பெருநாளை ஒட்டி, தீவுக் கழகங்களுக்கிடையில் சுற்றுப்போட்டி நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கெட்டிக்காரரை இறக்கி ஆடக் கூடாது என்று அதில் கண்டிப்பான விதி. ஊரில் பிறந்தவன் ஆடலாம், ஊரில் பிறந்தவரின் பிள்ளை ஆடலாம். தாய் கரம்பொன் என்றால் பிள்ளையும் கரம்பொன்தான். அவன் எந்தக் கடலுக்கு அப்பால் பிறந்திருந்தாலும் அது மாறாது.

அரையிறுதி அன்று பின்னேரம் நான் குசினியில் கணவாய் வெட்டிக்கொண்டிருந்தேன். மைதானத்து ஒலிபெருக்கி வீட்டுக்குக் கேட்கும். அறிவிப்பாளர் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். நான் காது கொடுக்கவில்லை. திடீரென்று மகனுடைய கழகத்தின் பெயர் கேட்டது. அந்தப் பெயரை இந்தத் தீவில் என்னையும் மகனையும் அண்ணை வீட்டாரையும் தவிர யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. லண்டன் கழகத்தின் நட்சத்திர வீரர், எங்கள் மண்ணின் பேரன் என்று தொடர்ந்தார் அறிவிப்பாளர். கையைக்கூடக் கழுவாமல் வெளிக்கிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் சட்டை அவனுக்குத் தோளில் தொங்கியது. நிலம் கட்டாந்தரை, இடையிடையே சுண்ணாம்புக் கல் தலை நீட்டிக்கொண்டிருந்தது. சனம் கோட்டுக்குள்ளேயே நின்றது. வேல்சில் நாங்கள் வாயைக் கட்டி நிற்போம். இங்கே எல்லோரும் பயிற்சியாளர்கள். அவன் பந்தைப் பின்னால் கொடுத்தபோது ஒரு கிழவர் கத்தினார்: "தம்பி, அது சுடாது. தொடு." சனம் சிரித்தது. அவனும் சிரித்ததைக் கண்டேன். விளையாடும்போது அவன் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடம்.

அண்ணை கோட்டடியில் நின்றார். பிள்ளையை வெளியே எடுங்கோ என்று அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். கணவாய் மை அவருடைய வெள்ளைச் சட்டையில் பட்டது.

"வேறை கழகத்துக்கு விளையாடக் கூடாது எண்டுதானே சொன்னனீ," என்றார் அண்ணை. "இது அவன்ரை கழகமெல்லே."

அவர் என்னை ஏமாற்றவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். வேறு கழகம் என்றால் அவருக்குப் பக்கத்து ஊர்களான வேலணை, சரவணை, நாரந்தனை. தாய்மாமன் மருமகனைச் சொந்த ஊருக்கு ஆடக் கூப்பிட யாரிடம் அனுமதி கேட்பது? அவனுடைய ஒப்பந்தத்தைப் பற்றி நான் பேசப் பேச, ஆட்டத்தை மறைக்கிறேன் என்று பின்னாலிருந்து யாரோ என்னை நகரச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது என் மகனை இல்லை. அல்லது அவனைத்தானோ, தெரியாது. எதிரணியில் தடித்த ஒருவர், மீன்பிடிக்கிறவர் என்று பிறகு அறிந்தேன், பந்தோடு நேராக வந்தார். மகன் ஒதுங்கவில்லை. தோளைக் கொடுத்து, பந்தை எடுத்து, நிமிர்ந்து போனான். சனம் ஆர்ப்பரித்தது. அடுத்த முறையும் போனான். அதற்கடுத்த முறையும். பயிற்சியாளர் எட்டு வருடமாகக் கேட்டதை, சனத்தின் பகிடிக்காக இந்தக் கல்லுத் தரையில் செய்துகொண்டிருந்தான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அந்தப் பெருமை அடங்குமுன் அவனுடைய இடது சப்பாத்து ஒரு கல்லில் மாட்டியது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவன் கத்தவும் இல்லை. கையை மட்டும் உயர்த்தினான். அந்த மீனவர்தான் முதலில் குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார்.

அண்ணை முறிவு நெரிவுக்குப் பார்க்கும் பரியாரியிடம் போவோம், எண்ணெய் கட்டினால் பத்து நாளில் ஓடுவான் என்றார். நான் வாடகை வான் ஒன்றைப் பிடித்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டேன். அண்ணை முன்சீட்டில் ஏறினார். பண்ணைப் பாலத்தில் போகும்போது மகன், கழகத்துக்குச் சொல்ல வேண்டாம் அம்மா என்றான். படியில் சறுக்கியது என்று சொல்லலாமாம். அதுதான் சரி என்று அண்ணையும் திரும்பாமலே சொன்னார். நானும் ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது என் கைத்தொலைபேசி அடித்தது. வேல்சிலிருந்து கணவர்.

"நீர் அங்கை நிண்டனீரோ?" என்றார். "அவன் விழேக்கை நீர் நிண்டனீரோ?"

வெளிநாட்டில் இருக்கும் ஊராருக்காகப் போட்டியை நேரலையாகக் காட்டுவார்கள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அண்ணை ஆசையாக அவருக்கும் இணைப்பை அனுப்பியிருந்தார். வேலைத்தலத்தில் சாப்பாட்டு மேசையில் இருந்து அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கழகத்தின் பெயர், மகனின் முகம், கால் திரும்பியது, எல்லாம் அதில் கிடந்தது. படியில் சறுக்கிய கதை பாலம் முடியுமுன்பே முடிந்துவிட்டது.

எலும்பு உடையவில்லை. தசைநார் பாதி கிழிந்திருக்கலாம் என்றார் டாக்குத்தர். ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபடி மகன் தானே கழகத்து இயன்முறை மருத்துவருக்குத் தொலைபேசி எடுத்தான். நான் கதைக்கிறேன் என்று கை நீட்டினேன். தரவில்லை. எங்கே, எப்படி, என்ன சப்பாத்து, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். யார் கேட்டார்கள் என்ற கேள்வி வந்திருக்க வேண்டும். அப்போது மட்டும் மாமாவின் பக்கம் பார்த்தான். "நான்தான் ஆட விரும்பினேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னான். அண்ணைக்கு அது விளங்கியது. எழும்பி வெளியே போய் மதிலடியில் நின்றார்.

கழகத்தில் உடனே வரச் சொன்னார்கள். கணவர் அங்கே விமான நிலையத்தில் வந்து ஏற்க, மகன் தனியே போனான். கழகத்தில் கடுமையாகக் கண்டித்தார்களாம். வேறு தண்டனை இல்லை. ஆனால் ஆட்டப் பருவத்துக்கு முந்திய பயிற்சி முழுக்க அவன் இல்லாமலே நடந்தது. இடது பின்களத்தில் வட வேல்சிலிருந்து வந்த, அவனைவிட ஒரு வயது குறைந்த பிள்ளையை நிறுத்தினார்கள். நல்லாய் ஆடுகிறானாம். என் மகனே அதைச் சொன்னான். அந்தப் பிள்ளையின் தாயை எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம் என்று நினைத்தேன், பிறகு வெட்கப்பட்டேன்.

நான் கல்யாணத்துக்காக இங்கேயே நின்றேன். அண்ணையோடு கதைக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. நண்டு வாங்கிவந்து குசினி வாசலில் வைப்பார். கல்யாணச் சாமான்களை நான் பிரித்து அடுக்கும்போது யன்னலடியில் வந்து நிற்பார். "கால் எப்பிடியாம்?" என்பார். வீக்கம் வற்றியது, நடக்கிறான், ஓடத் தொடங்கிவிட்டான் என்று அலுமாரியைப் பார்த்துச் சொல்லுவேன். ஊர்க் கழகத்துப் பெடியள் எல்லோருக்கும் அது அன்றே போய்விடும். ஊர்க் கோயில் தேர்க் கூட்டத்தில் நான் ஒருநாளும் கண்டிராத ஒரு பிள்ளை, அன்ரி, அவருக்குப் பதிலாய் ஆடுறவனுக்கு வலது காலாலை மட்டும்தான் அடிக்கத் தெரியுமாமே என்று என்னைத் தேற்றியது.

கல்யாணம் முடிந்து அடுத்த சனிக்கிழமை, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் மாற்று வீரர் இருக்கையில் மகன் இருப்பான் என்று கணவர் சொன்னார். அதையும் நேரலையில் காட்டுகிறார்கள். நான் அறைக்குள் தனியே பார்க்கத்தான் இருந்தேன். அண்ணை வந்து, கழகக் கொட்டிலில் இணைப்பு நல்லாய் வேலை செய்யும் என்றார். அவ்வளவுதான். நானும் அவருக்குப் பின்னால் போனேன். அரைக் கரம்பொன் அங்கே இருந்தது. எனக்கொரு பிளாஸ்டிக் கதிரையைத் திரைக்கு முன்னால் போட்டார்கள்.

மழை. அந்த மழையை எனக்குத் தெரியும். கயிற்றுக்கு அப்பால் குடைகள் பேசாமல் நின்றன. கொட்டிலுக்குள் வட வேல்ஸ் பிள்ளையின் ஒவ்வொரு பிழைக்கும் கைதட்டினார்கள். அப்படிச் செய்யாதேங்கோ என்று நான் சொல்ல, அண்ணை அதட்டி நிறுத்தினார். இரண்டாம் பாதி கரையும் நேரத்தில் மகன் இறங்கினான். முதல் பந்தை வாங்கி உடனே கொடுத்தான். அடுத்ததையும் கொடுத்தான். ஒருவரும் பகிடி விடவில்லை. நத்தாருக்கு இன்னும் எத்தனை சனிக்கிழமை என்று மனது எண்ணத் தொடங்கியது, நிறுத்தினேன்.

எதிரணிக்காரன் ஒருவன், உயரமானவன், கோட்டோரமாகப் பந்தை உருட்டிக்கொண்டு வேகமாக வந்தான். மகன் ஒதுங்கவில்லை என்பது வரைக்கும் பார்த்தேன். இடது கால் நீளுவதைக் கண்டேன். கண்ணை மூடிவிட்டேன். விழுந்திட்டான் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

"எழும்பிட்டான்," என்றார் அண்ணை என் காதுக்குப் பக்கத்தில்.

"எந்தக் காலை ஊண்டி, அண்ணை?"

அந்த இரண்டு மாதத்தில் நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் திரையை இன்னொரு தடவை வடிவாகப் பார்த்துவிட்டுத்தான் மறுமொழி சொன்னார்.

"ரெண்டையும் ஊண்டித்தான். கண்ணைத் திற."