பிரேக் அக்காவின் வலது கால்

யாராவது கொஞ்சம் வேகமாகப் பேச ஆரம்பித்தால் போதும், பிரேக் அக்காவின் வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்துவிடும். கண் பேசுகிறவர் முகத்தில்தான் இருக்கும், தலைகூட ஆமாம் ஆமாம் என்று ஆடும். கால் மட்டும் தன் வேலையைப் பார்க்கும். அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பயிற்சி காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே ஊரில் பாதிப் பேரைச் சுவரில் முட்டாமல் காப்பாற்றியிருக்கிறார். காரை விட்டு இறங்கினாலும் கால் கேட்பதில்லை. டி.வி.யில் கார்கள் துரத்திக்கொண்டால் சோபாவில் இருந்தபடியே மிதிப்பார். செருப்பில் எப்போதும் வலதுதான் முதலில் தேயும். "ஒத்தக்கால் செருப்பு விக்கிற கடை எங்கயாவது இருக்கா பாரு" என்று அவர் கணவர் வருஷக்கணக்காக ஒரே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாவம், அவருக்கும் வேறு கைவசம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காலுக்கு வேலை அதிகம். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் நிலநடுக்கம் வந்து வீடுகள் சரிந்ததிலிருந்து, அக்காவிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அவருடைய முன்னறையில் கூடுகிறார்கள். கல்லூரியில் படிப்பவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், வேலை தேடுவதையே வேலையாக வைத்திருப்பவர்கள். சாலைக் குறியீடுகள் அச்சிட்ட படங்களுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, வீடிழந்து தகரக் கொட்டகைகளில் இருப்பவர்களுக்கு என்ன பயிற்சி முகாம் நடத்தலாம், என்ன செய்துகொடுக்கலாம் என்று திட்டம் போடுவார்கள். அதிலும் அவசரக்குடுக்கை என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவன் உண்டு. ஒரு யோசனைக்கு முற்றுப்புள்ளி வைப்பதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுவான். "தம்பி, ரெண்டாவது கியர்லயே வா" என்பார் அக்கா. கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கும்.

பிள்ளைகளுக்கு நல்ல மனசு, அதனால் வந்தார்கள். அக்காவுக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. அவருடைய ஒரே தங்கை அந்தக் கொட்டகை வரிசையில்தான் இருக்கிறாள். தையல் கடை வைத்திருந்தவள். தெருமுனைக்கு டீ வாங்கப் போன நேரத்தில் கடை தரைமட்டமாகிவிட்டது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஆடுகிற எதிலும் அவளால் உட்கார முடிவதில்லை. கால் சரியில்லாத நாற்காலி என்றால்கூட எழுந்து நின்றுவிடுவாள். பஸ், கார் பேச்சே கிடையாது. இடிபாட்டிலிருந்து தோண்டி எடுத்த தையல் மெஷினை மட்டும் மரத்தடியில் போட்டு மிதித்துக்கொண்டிருக்கிறாள். என்னோடு வந்து இரு என்று அக்கா கெஞ்சாத நாளில்லை. எப்படி வருவாள், பறந்தா? தங்கை ஒரே ஒரு தடவை தன் வீட்டு வாசலில் வந்து இறங்கிவிட மாட்டாளா என்று அக்கா ஏங்கினார்.

முதல் தடவை போனது பெரிய கூத்து. இருபது பிள்ளைகள், பெட்டி பெட்டியாக கலர் பென்சில், 'உங்களோடு நாங்கள்' என்று எழுதிய நீளமான பேனர். அதைக் கட்ட இடம் தேடி, முகாம் வாசலில் நின்றிருந்த வேன் ஒன்றின் மேல் பாந்தமாகக் கட்டினார்கள். வரையும் பயிற்சியை நடத்தியது அவசரக்குடுக்கைதான். குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து, அவரவர் வீடு எப்படி இருந்தது என்று வரையச் சொன்னான். எங்கோ வீடியோவில் பார்த்தானாம். அன்றைக்கென்று பார்த்து அக்காவின் கால் தூங்கிவிட்டது. முதலில் ஒரு குழந்தை தேம்பியது, பிறகு பக்கத்தில் இருந்தது, அப்புறம் வட்டம் முழுக்க ஒரே அழுகை. மெஷினை விட்டு எழுந்து வந்த தங்கை பென்சில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கி அக்கா கையில் கொடுத்தாள்.

"புள்ளைங்கள அழ வைக்கவா இவ்ளோ தூரம் வந்த? இனிமே நான் சரின்னு சொல்லாம ஒருத்தரும் இங்க வரக்கூடாது."

வருகிறவர்களிடம் பேச முகாம்காரர்கள் அவளைத்தான் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அவள் சொன்னால் சொன்னதுதான். அவசரக்குடுக்கை திரும்பும் வழியெல்லாம் ஒரு பென்சில் பெட்டியை மடியில் வைத்து மூடியையே தடவிக்கொண்டு வந்தான். அதைப் பார்க்க அக்காவுக்குக் குழந்தைகளின் அழுகையை விட அதிகமாக வலித்தது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் சுயம்வரம் மாதிரி ஆகிவிட்டன. இவர்கள் ஒவ்வொரு திட்டமாக அலங்கரித்து அனுப்புவார்கள், அக்கா அதை போனில் தங்கைக்குச் சொல்வார், அவள் தட்டிக்கழிப்பாள். தகரச் சுவரில் பூ வரைந்து தருகிறோம் என்றால், பூ வரைந்தால் வெக்கை குறையுமா என்றாள். பொம்மலாட்டம் என்றதற்கு, நாங்கள் ஆடினது போதாதா என்றாள். மூச்சுப் பயிற்சி வகுப்பு என்றபோது ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. அக்காவுக்கு ஒருபக்கம் கோபம். இன்னொரு பக்கம், இவளுக்குப் பழைய வாய் திரும்பி வந்துவிட்டதே என்று சந்தோஷம்.

கடைசியில் திட்டம் எதுவும் இல்லாமல், பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தனியாகப் போனார். வெயில் கொளுத்தியது. காருக்குள் உட்கார்ந்து பேசலாம் வா என்றதற்குத் தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். அக்காவும் இறங்கி நின்றார். உங்களுக்கு என்னதான் வேண்டும், நீயே சொல்லித் தொலையேன் என்று கேட்டார்.

"இத்தனை நாள்ல இப்பதான் கேக்கற" என்றாள் தங்கை. கை நீட்டி வாசல் பக்கம் காட்டினாள். "அதோ நிக்குது பாரு."

அந்த வேன். அதன் மேல் இப்போது துணி காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே முகாம் குழந்தைகள் கண்டக்டர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவும் பள்ளிக்கூடத்துக்குப் போகவும் யாரோ புண்ணியவான்கள் வாங்கிக் கொடுத்ததாம். கூட வந்த டிரைவர் ஒரே மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டான். முகாமில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பிரசவ வலி வந்த பெண்ணைக்கூட மெயின் ரோடு வரை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்களாம்.

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். பொழுது விடிந்தால் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பொம்பளை, பூ வரையலாமா பொம்மை ஆட்டலாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் அந்த வேன் மேலேயே பேனரைக் கட்டிவிட்டு. அசடு வழிய நின்றவரைப் பார்த்துத் தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிலநடுக்கத்துக்குப் பிறகு அவள் சிரித்து அக்கா பார்ப்பது அதுதான் முதல் தடவை. இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு திட்டம் போட நேரமே ஆகவில்லை. கல்லும் முள்ளுமாகக் கிடந்த முகாம் மைதானத்தை முகாம் இளைஞர்களும் இவர்களும் சேர்ந்தே சுத்தம் செய்தார்கள். பழைய டயர்களை உருட்டி வந்து வளைவுகள் அமைத்தார்கள், சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார்கள். ஸ்டெப்னி மாற்றுவது ஒரு வகுப்பு, சாலைக் குறியீடுகள் ஒரு வகுப்பு. அக்கா தன் பயிற்சி காரைக் கொண்டுபோய் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவசரக்குடுக்கைக்கு வண்டியை ரிவர்ஸில் எடுத்துக் காட்டும் பொறுப்பு. அவனால் வேகமாகப் போக முடியாத ஒரே திசை அதுதான் என்பது அக்காவின் கணக்கு. முகாமிலிருந்து முதலில் உரிமம் வாங்கியது ஒரு கொத்தனாரும் கோழிக்கடைக்காரர் மகளும். வேன் மேல் காய்ந்த துணிகளுக்கு வேறு கொடி தேட வேண்டியதாயிற்று.

தங்கை இதையெல்லாம் மெஷினில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் எல்லோரும் டீக்குப் போன பிறகு காரிடம் வந்து நின்றாள். அக்கா பதறிப்போய்ப் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்தார்.

"அந்தப் பக்கம் இல்ல. ஓட்டற பக்கம்" என்றாள்.

உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உறுமி வண்டி அதிர்ந்ததும் முகம் வெளிறி உடனே அணைத்துவிட்டாள். தங்கை மறுபடி திருப்பினாள், அணைத்தாள், திருப்பினாள். பேட்டரி போய்விடப் போகிறதே என்று அக்காவுக்குக் கவலை.

"நான் போட்டா ஆடுது, நான் நிறுத்தினா நின்னுடுது" என்றாள் தங்கை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "அப்படின்னா பரவால்ல."

வருஷக்கணக்காகத் தையல் மெஷின் மிதித்த கால். கிளட்சும் பிரேக்கும் அதற்குச் சீக்கிரமே பழகிவிட்டன. அக்காவின் வலது கால் மட்டும் ஓயவில்லை. தங்கை டயர் வளைவை நெருங்குவதற்குள் இவர் மிதித்துவிடுவார், வண்டி குலுங்கி நிற்கும். "ஓட்டறது நானா நீயா?" என்று அவள் கத்துவாள். "பழக்கம்டி" என்பார் இவர்.

உரிமம் கைக்கு வந்த வாரமே, நான்தான் ஓட்டுவேன் என்ற நிபந்தனையோடு தங்கை பயிற்சி காரிலேயே அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். மலைப்பாதையில் அக்காவின் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. அழுத்தாமல் இருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஊருக்குள் வந்தார்கள். கடைசித் திருப்பம் அக்கா வீட்டுத் தெருமுனை. ஒருபக்கம் சுவர், மறுபக்கம் காய்கறி வண்டி. இத்தனை வருஷத்தில் எந்த மாணவரையும் அங்கே தன் பிரேக் இல்லாமல் அக்கா திரும்பவிட்டதில்லை. வாசலில் அவர் கணவரும் பிள்ளைகள் மொத்தப் பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அவசரக்குடுக்கை இரண்டு கையையும் ஆட்டி எதையோ கத்தினான். தங்கை வேகத்தைக் குறைத்தாள், ஹாரன் அடித்தாள், ஸ்டியரிங்கை வளைக்கத் தொடங்கினாள்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.